சங்கிலி ஏன் கழல்கிறது?

குடும்பத்தில் அனைவரையும் சுமப்பது மிதிவண்டி. எவராலும் நலம் விசாரிக்கப்படாததும் அதுவே. கடைக்கும் ஆலைக்கும் கோவிலுக்கும் பள்ளிக்கும் அது நம்மைக் கொண்டு சேர்க்கிறது. மழையில் நனைகிறது, வெயிலில் காய்கிறது, இரவில் திண்ணையோரம் சாய்ந்து நிற்கிறது. ஓடும் வரையில் அதன் நினைவே நமக்கு எழுவதில்லை. ஆனால் அன்பார்ந்த பெற்றோரே, சில மாதங்களுக்கு முன் நம் இல்லத்தில் காலையும் மாலையும் நிகழ்ந்த பேச்செல்லாம் ஒரு மிதிவண்டிச் சங்கிலியைப் பற்றியதாகவே இருந்தது. ஒரு சங்கிலிக்கு இத்தனை ஆரவாரமா என்று நகைக்க வேண்டா. அதில் தொங்கியது ஒரு பெண்பிள்ளையின் படிப்பு.

நம் மூத்த மகள் 2023-ஆம் ஆண்டு பதினோராம் வகுப்பில் சேர்ந்தபோது அரசு வழங்கிய விலையில்லா மிதிவண்டி அது. அவள் இப்போது கல்லூரி விடுதியில் இருக்கிறாள். வண்டி இளையவளுக்கு வந்தது. இளையவள் பத்தாம் வகுப்பு; பொதுத் தேர்வு எழுத வேண்டியவள். பள்ளி ஆறு கிலோமீட்டர் தொலைவில், தாமிரபரணிக்கு அக்கரையில் உள்ளது. காலை எட்டு மணிக்கே சிறப்பு வகுப்பு தொடங்கிவிடும். நம் ஊருக்கு வரும் பேருந்தோ எட்டேகாலுக்குத்தான் தலைகாட்டும். மாலையிலும் அப்படியே; வகுப்பு முடிந்த பின் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் சாலையோரம் காத்து நிற்க வேண்டும். ஆக, மிதிவண்டி இல்லையெனில் சிறப்பு வகுப்பும் இல்லை.

அவ்வண்டியின் சங்கிலிதான் முன் பற்சக்கரத்தை விட்டுக் கழலத் தொடங்கிற்று. முதலில் பத்து நாளைக்கு ஒரு முறை. பிறகு வாரத்துக்கு இரு முறை. கரிய மசகு படிந்த விரல்களோடும் சீருடையோடும் பிள்ளை வீடு வந்து சேர்வாள். (அந்தக் கறைக்குச் சோப்புப் போடுமுன் சிறிது தேங்காய் எண்ணெய் தேய்த்து ஊறவிடுதல் வேண்டும். மசகை எண்ணெயே இளக்கும். இஃது நம் இல்லத்தரசி கண்ட வழி, வாசகியர்க்குப் பயன்படலாம்.)

ஒரு மாலை, ஆற்றுப் பாலத்தின் இறக்கத்தில் சங்கிலி கழன்றது. அதை அறியாமல், இறக்கம் முடிந்ததும் அவள் பெடலை ஓங்கி மிதித்தாள். எதிர்ப்பே இல்லாமல் பெடல் சுழன்றோட, கால் வழுக்கிற்று, வண்டி சாய்ந்தது. முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவே. ஆனால் பின்னால் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் விழிப்போடு இருந்தார். வண்டியை நிறுத்தி, இறங்கிவந்து, பிள்ளையைத் தூக்கி நிறுத்திவிட்டே சென்றார்.

அன்றிரவு அவள் தாய் முடிவாகச் சொல்லிவிட்டாள்: "இனிமே அந்த சைக்கிள் வேண்டாம். பஸ்ஸிலே போகட்டும். ஸ்பெஷல் கிளாஸ் போனாப் போகட்டும், பிள்ளை முழுசா வீடு வந்தாப் போதும்."

தாயின் அச்சத்தை வீண் அச்சம் என்று யார்தாம் சொல்ல முடியும்? நாமும் சொல்லவில்லை. மகள்தான் நெடுநேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்துவிட்டு, மெல்லக் கேட்டாள்: "செயின்தானே அம்மா கெட்டுப்போச்சு? அதுக்கு நான் ஏன் நிக்கணும்?"

இக்கேள்விக்கு விடை சொல்லாமல் நழுவ நமக்கு மனம் வரவில்லை. பெண்பிள்ளை மிதிவண்டி ஏறுவது நம் நாட்டில் எளிதாய் வந்த வழக்கமன்று. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்துக் கற்பித்தபோது, அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால், எழுத்தோடு மிதிவண்டி ஓட்டவும் பெண்களுக்குக் கற்பிக்கப்பட்டது. வயல் வேலை செய்யும் பெண்களும், கல் உடைக்கும் பெண்களும், அங்கன்வாடிப் பணியாளரும் பல்லாயிரக்கணக்கில் கற்றனர். கேலி பேசியவர்களும் இருந்தனர், கற்றவர்கள் பொருட்படுத்தவில்லை. தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு, ஆண்துணைக்கோ பேருந்துக்கோ காத்திராமல் தம் வேலையைத் தாமே முடித்துத் திரும்பும் உரிமை அவர்களுக்கு வந்தது. இவ்வளவு பாடுபட்டு வந்ததொன்றை ஒரு சங்கிலியின் பொருட்டு நம் வீட்டில் திருப்பிக் கொடுப்பதா? தாய்க்கும் இது தெரியாததன்று. "அப்படின்னா ஏன் கழலுதுன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. அதுக்குப் பிறகு பார்ப்போம்" என்றாள். நியாயமான நிபந்தனை.

கண்டுபிடிப்பதுதான் கடினமாயிற்று. முதலில் பார்த்த கடைக்காரர், சங்கிலி தொய்ந்துவிட்டது என்று கூறி ஒரு கண்ணியை வெட்டி எடுத்து, இழுத்து மாட்டித் தந்தார். மூன்றாம் நாள் மறுபடியும் கழன்றது. இரண்டாவது கடையில், முன் பற்சக்கரம், சங்கிலி, பின் பற்சக்கரம் மூன்றையும் ஒருசேர மாற்றினால்தான் ஆகும் என்றனர். இருவரும் வண்டியைப் பார்த்தார்கள். ஓட்டுகிறவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மருத்துவர் நோயாளியைக் கேளாமலே மருந்து எழுதித் தருவது போன்றதே இது.

நிற்க. நோயை அறியுமுன் உடலமைப்பைச் சிறிது அறிதல் நலம். பழங்காலத்து உயர்சக்கர மிதிவண்டியில் சங்கிலியே கிடையாது. முன் சக்கரத்தின் அச்சிலேயே பெடல்கள் இருந்தன. விரைவு வேண்டுமாயின் சக்கரத்தைப் பெரிதாக்க வேண்டும். ஆகவே ஆள் உயரத்தில் ஏறி அமர்ந்து, விழுந்தால் தலைகுப்புற விழுந்தனர். 1880-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஹான்ஸ் ரெனால்டு என்பார் புதுவகை உருளைச் சங்கிலிக்குக் காப்புரிமை பெற்றார். 1885-இல் கோவென்ட்ரி நகரில் ஜே. கே. ஸ்டார்லி, சங்கிலியால் பின் சக்கரத்தை ஓட்டும் 'ரோவர்' வண்டியை வெளிக்கொணர்ந்தார். இன்று நம் திண்ணையில் நிற்பது அதன் வழித்தோன்றலே.

நம் வீட்டு வண்டியில் முன்னால் 44 பற்கள், பின்னால் 18. ஆகவே பெடல் ஒரு முறை சுற்றினால் பின் சக்கரம் ஏறத்தாழ இரண்டரை முறை சுற்றும். 26 அங்குலச் சக்கரமாதலின், ஒரு மிதிக்கு 16 அடிக்குச் சற்று மேல் வண்டி செல்லும். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் அரை அங்குலம். பற்களின் இடைவெளியும் அதே அளவு. இரண்டும் ஒத்திருக்கும் வரையிலும், சங்கிலி அளவான இறுக்கத்தோடு நேர்க்கோட்டில் ஓடும் வரையிலும், அது கழல்வதற்கு வழியே இல்லை. ஏதோ ஒன்று கோணியிருந்தால்தான் கழலும். அந்த ஒன்று எது என்பதே கேள்வி.

மூன்றாவதாக நாம் சென்றது, பக்கத்து ஊர்ப் புளிய மரத்தடியில் நாற்பது ஆண்டுகளாகக் கடை வைத்திருக்கும் முதியவரிடம். மகளும் அவள் தாயும் உடன் வந்தனர். அவர் வண்டியைத் தொடவில்லை. தலைகீழாய்க் கவிழ்த்த தகர டப்பா ஒன்றில் மகளை உட்காரச் சொன்னார்.

"எத்தனை தடவை கழண்டிருக்கும், தாயி?"

"எட்டுத் தடவை இருக்கும், தாத்தா."

"எங்கெங்கே?"

"அஞ்சு தடவை பாலத்து இறக்கம். ரெண்டு தடவை ஸ்பீடு பிரேக்கர். ஒண்ணு ஞாபகமில்லே."

"கழண்டப்போ பெடலை மிதிச்சுக்கிட்டு இருந்தியா, காலை நிறுத்தியிருந்தியா?"

அவள் கண்ணை மூடி நினைத்துப் பார்த்தாள். "நிறுத்தியிருந்தேன், தாத்தா. இறக்கத்திலே மிதிக்க மாட்டேனே."

"செயின் பின்னாலே கழலலையே? முன்னாலேதானே?"

"எப்பவும் முன்னாலேதான்."

முதியவர் நம்மைப் பார்த்து, "ஐயா, பாதி வேலை முடிஞ்சிட்டு" என்றார்.

மிதிக்கும்போது கழலும் சங்கிலிக்கு ஒரு காரணம். மிதிக்காதபோது கழலும் சங்கிலிக்கு வேறொரு காரணம் என்று அவர் விளக்கினார். மிதிக்கும்போது சங்கிலியின் மேற்பகுதி விறைத்து நிற்கும். தொய்வு முழுவதும் கீழே தொங்கும். அங்கே தொங்குவதால் பெரும்பாலும் தீங்கில்லை. ஏனெனில் முன் பற்சக்கரத்தின் உச்சியில் வந்து ஏறும் கண்ணிகள் இறுக்கமாக, நேராக வருகின்றன. காலை நிறுத்தினால் பின் சக்கரம் மட்டும் தனியே ஓட வேண்டும். சங்கிலி அசையாது நிற்க வேண்டும். அதற்காகவே பின் பற்சக்கரத்துக்குள் பிரீவீல் என்னும் அமைப்பு இருக்கிறது. உள்ளே சிறு குண்டுகளும், முன்னோக்கி மட்டுமே பற்றும் சிறு நாக்குகளும் உண்டு. நாம் காலை நிறுத்தியதும் கேட்கும் 'டிக் டிக்' ஓசை அந்நாக்குகள் பல்லின் மேல் தாவிச் செல்லும் ஓசையே.

அந்த பிரீவீல் தடையின்றிச் சுழலாமல் இறுகிப்போனால் என்னவாகும்? சக்கரம் ஓடும்போது சங்கிலியையும் சேர்த்து இழுத்துச் செல்லும். கீழ்ப்பகுதியைப் பின்னோக்கி இழுத்து விறைப்பாக்கி, மேற்பகுதியை முன்னோக்கித் தள்ளும். கால் பெடலைப் பிடித்து நிறுத்தியிருப்பதால் தள்ளப்பட்ட சங்கிலி போக இடமின்றி மேலே தொய்ந்து நெளியும். கீழே தொங்க வேண்டிய தொய்வெல்லாம் மேலே சேர்ந்துவிடும். அந்நிலையில் ஒரு குழியோ வேகத்தடையோ குலுக்கினால், தொய்ந்த கண்ணிகள் பல்லை விட்டுப் பக்கவாட்டில் சரியும். அதன்பின் பெடலை மிதித்ததும் சங்கிலி முழுவதும் கழன்றுவிடும்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, அவர் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தினார். பெடலைக் கையால் வேகமாகச் சுற்றிவிட்டு, சட்டென்று பிடித்து நிறுத்தினார். பின் சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது. அதே நொடியில் மேல் சங்கிலி பாம்பு நெளிவதுபோல் நெளிந்து, செயின் கவரில் 'சடசட'வென்று தட்டிற்று. 'டிக் டிக்' ஓசை மருந்துக்கும் இல்லை. தாயும் குனிந்து அதைப் பார்த்தாள். மறுபடியும் ஒருமுறை சுற்றிக் காட்டச் சொல்லிப் பார்த்தாள்.

"இந்த வண்டி வெள்ளத்திலே நின்னுச்சா?" என்று கேட்டார் முதியவர்.

நின்றது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையை நம் வாசகர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டிற்று. தாமிரபரணி கரை மீறி ஊர்களுக்குள் புகுந்தது. நம் வீட்டில் நெல்லையும் பாத்திரங்களையும் பரண்மேல் ஏற்றிவிட்டு, நாமும் பிள்ளைகளும் பள்ளிக் கட்டடத்தில் தங்கியிருந்தோம். திண்ணை மிதிவண்டி இரண்டு நாள் இருக்கை வரை நீரில் நின்றது. வடிந்தபின் வெளிச் சேற்றைக் கழுவினோம். பிரீவீலின் உள்ளே இருந்த மசகை வெள்ளம் கொண்டுபோய், அவ்விடத்தில் வண்டலை வைத்துப் போனதை வெளியிலிருந்து எவரும் கண்டிருக்க இயலாது. அந்த ஆண்டு வெள்ளத்தில் நின்ற வண்டிகள் பலவற்றில் இதே பிரீவீல் கோளாற்றைத் தாம் கண்டதாக முதியவர் சொன்னார்.

இத்துடன் அவர் நின்றுவிடவில்லை. நல்ல தொழிலாளிகள் ஒரு காரணம் கிடைத்ததும் மற்றவற்றைச் சோதிக்காமல் விடுவதில்லை. வண்டியின் பின்னால் குந்தி அமர்ந்து சக்கரத்தைப் பார்த்தார். டயர் இடப்பக்கச் சட்டத்தை ஒட்டி ஓடிற்று. முன்பு கண்ணியை வெட்டியவர் வலப்பக்கத்து நட்டைப் போதிய அளவு இறுக்கவில்லை. மிதிக்கும் ஒவ்வொரு முறையும் சங்கிலி வலப்பக்கத்து அச்சு முனையையே முன்னோக்கி இழுக்கிறது. நட்டு தளர்ந்திருந்தால் அம்முனை சிறிது சிறிதாக நகர்ந்து, சக்கரம் கோணிவிடும். சங்கிலியும் தொய்ந்து, இரண்டு பற்சக்கரங்களும் நேர்க்கோட்டை இழக்கும். மூன்றாம் நாளே சங்கிலி மறுபடி கழன்றதன் மர்மம் இதுதான். கண்ணி வெட்டியது பற்றியும் ஒரு சொல். உள்தகடும் வெளித்தகடும் மாறி மாறி வருவதால் கண்ணிகளை இணையாகத்தான் எடுக்க முடியும். அதாவது ஓர் அங்குலம். சங்கிலி ஓர் அங்குலம் குறைந்தால் அச்சு அரை அங்குலம் முன்னே வரும். தொய்வுக்கு இது தீர்வாகலாம், தேய்மானத்துக்கு ஆகாது.

தேய்மானத்தை அறிய அவர் காட்டிய சோதனை மிக எளிது. பள்ளிப் பிள்ளையின் அளவுகோல் ஒன்று போதும். புதுச் சங்கிலியில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்கும். ஓர் ஆணியின் நடுவில் அளவுகோலின் பூச்சியத்தை வைத்தால், 24-ஆம் ஆணியின் நடு 12-இல் வந்து நிற்க வேண்டும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு மீறியிருந்தால் தேய்மானம் தொடங்கிவிட்டது என்று பொருள். எட்டில் ஒரு பங்கு மீறியிருந்தால் சங்கிலி முடிந்தது; பெரும்பாலும் பற்களையும் அது தின்றிருக்கும். சங்கிலி 'நீண்டுவிட்டது' என்று நாம் சொல்லுகிறோம். உண்மையில் இரும்பு நீளவில்லை. ஆணிகளும் அவற்றைச் சுற்றிய குழல்களும் தேய்ந்து, ஒவ்வோர் இணைப்பிலும் மயிரிழை இடைவெளி விழுகிறது. நம் வண்டியில் பதினாறில் ஒரு பங்குதான் மீறியிருந்தது. பற்களும் சுறாவின் துடுப்பைப் போல் ஒருபக்கம் சாயாமல் ஒழுங்காகவே இருந்தன. இரண்டாம் கடைக்காரர் சொன்னபடி மூன்றையும் மாற்றியிருந்தால் சங்கிலி நின்றிருக்கும், ஐயமில்லை. ஆனால் தேவையற்ற இரண்டு பொருள்களுக்கும் நாம் விலை கொடுத்திருப்போம்.

முன் பற்சக்கரத்தைப் பின்னோக்கி மெதுவாகச் சுற்றி, அது இடமும் வலமும் ஆடுகிறதா என்று சட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டு கிராங்குகளையும் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தார். அங்கே ஆட்டம் இருந்தால் நடு அச்சின் குண்டுகளையோ, காட்டர் பின்னையோ கவனிக்க வேண்டும். நம் வண்டியில் அக்குறை இல்லை.

பிரீவீலைக் கழற்றி டீசலில் ஊறவைத்தார். மண்ணெண்ணெய் கிடைப்பது அரிதாகிவிட்ட இந்நாளில் டீசல்தான் அவருக்குக் கை கொடுக்கிறதாம். செந்நிற வண்டல் குழம்பாய் இறங்கிற்று. மூன்று முறை கழுவியும் ஓர் இடத்தில் கரகரத்தது. "இதை ஓட்டலாம். ஆனா மறுபடியும் இறுகாதுன்னு நான் எழுதித் தர மாட்டேன்" என்றார். தாய் உடனே, "புதுசே போடுங்க அண்ணாச்சி" என்றாள். புது பிரீவீல் ஏறிற்று. சக்கரத்தை நேர் வைத்து, இருபுறத்துச் செயின் அட்ஜஸ்டர்களையும் சமமாகத் திருகி, நட்டுகளை இறுக்கினார்.

இறுக்கும்போது அவர் செய்த ஒன்றை நாம் வேறெங்கும் கண்டதில்லை. பெடலைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வோர் இடத்திலும் சங்கிலியின் நடுவை விரலால் தூக்கிப் பார்த்தார். முன் பற்சக்கரம் முழு வட்டமாக அமைவது அரிது. ஆகவே ஒரு சுற்றில் ஓரிடம் இறுகும், ஓரிடம் தளரும். மிக இறுகும் இடத்தைக் கண்டு, அங்கே சங்கிலி மேலும் கீழும் அரை அங்குலம் அசையுமாறு வைத்தார். தளர்ந்த இடத்தைப் பார்த்து இறுக்கினால், மற்ற இடத்தில் சங்கிலி கம்பிபோல் விறைத்து, அச்சுக் குண்டுகளை அரைத்துவிடும் என்றார்.

வழியில் சங்கிலி கழன்றால் எப்படி மாட்டுவது என்பதையும் மகளுக்குச் செய்து காட்டினார். பெற்றோர் இதைக் கட்டாயம் தம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். முதலில் வண்டியைச் சாலையை விட்டு இறக்கி ஸ்டாண்டில் நிறுத்துக. ஒரு குச்சியால் சங்கிலியைத் தூக்கி, முன் பற்சக்கரத்தின் அடிப்புறத்துப் பற்களில் இரண்டு மூன்று கண்ணிகளைப் பொருத்துக. குச்சியையும் கையையும் எடுத்த பின்பே, பெடலைப் பின்னோக்கி மெதுவாகச் சுற்றுக. சங்கிலி தானே ஏறிக்கொள்ளும். ஒருவர் சங்கிலியைப் பிடிக்க, மற்றவர் பெடல் சுற்றுவது ஆகவே ஆகாது. பல்லுக்கும் சங்கிலிக்கும் இடையில் அகப்பட்டு நசுங்கும் விரல்கள் பெரும்பாலும் இப்படித்தான் அகப்படுகின்றன. அவற்றில் பல, உதவிக்கு வந்த தம்பி தங்கையரின் பிஞ்சு விரல்கள். பிடிப்பதும் சுற்றுவதும் ஒரே ஆளாய் இருக்க வேண்டும்.

மறுநாள் மாலையும் அதற்கடுத்த இரண்டு மாலைகளும் தாய் பாலத்தின் அடியில் போய் நின்றாள். மகள் இறக்கத்தில் காலை நிறுத்தி வருகையில் 'டிக் டிக்' ஓசை கேட்கிறதா என்று காது கொடுத்தாள். மூன்று நாளும் கேட்டது. நான்காம் நாள் தாய் போகவில்லை. சிறப்பு வகுப்பு முடிந்து மகள் ஆறு மணிக்கு வந்து சேர்ந்தாள். இதை எழுதும் இந்நாள்வரை சங்கிலி ஒருமுறையும் கழலவில்லை.

சங்கிலியைப் பொதுத் தேர்வு முடிந்ததும் மாற்றிவிடச் சொல்லியிருக்கிறார் முதியவர். அதுவரை மாதம் ஒருமுறை துணியால் துடைத்து, உருளைகளின் மேல் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு, மிகுந்ததைத் துடைத்தெடுக்க வேண்டும். வழியவிட்டால் புழுதி ஒட்டி அரம்போல் அராவும். மகள் அளவுகோலைத் திண்ணையிலேயே வைத்திருக்கிறாள். கண்ணிகளையும் எண்ணிவிட்டாள்: முன்பு வெட்டியது போக, இப்போது 100.